காது வைக்காத கரடி

சாமி சிலை செய்கிறவனிடம் யாரும் "இது என்ன?" என்று கேட்பதில்லை, கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள், மிருகம் செய்கிறவனிடம் அதைத் தவிர வேறு எதையும் கேட்பதில்லை. அதிலும் நான் காது, கண், வால், குளம்பு என்று சில்லறை எதுவும் வைக்காதவன். ஒரு மிருகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால் மனதில் என்ன மிச்சம் நிற்கிறதோ, அதை மட்டும் கல்லில் கொண்டுவர வேண்டும் என்று கிளம்பியவன். கிளம்பும்போது யாரும் தடுக்கவில்லை.

செய்த வேலையைவிட அதை விளக்குவதற்கு அதிகம் பாடுபட்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். புது மாதிரி ரவிக்கை தைத்துக் கொடுத்துவிட்டு "கை எங்கே?" என்று கேட்கப்பட்ட தையற்காரர்கள், எதுகை மோனை இல்லாமல் கவிதை எழுதிவிட்டு "இது எப்போது முடியும்?" என்று கேட்கப்பட்ட கவிஞர்கள், எல்லோரும் என் ஜாதி. உங்களிடம் சொன்னால்தான் எனக்குக் கொஞ்சம் ஆறும்.

எழுபதுகளின் தொடக்கம். சென்னையில் சிற்பம் படித்துவிட்டுத் திரும்பி வந்து, அரூரிலிருந்து தீர்த்தமலை போகிற ரோட்டோரம் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு உட்கார்ந்தேன். பின்னாலேயே எங்கள் வீடு. எங்கள் பக்கத்தில் கருங்கல்லுக்குப் பஞ்சமே கிடையாது. பிழைப்புக்கு அம்மி, ஆட்டுக்கல், வாசற்படி, மனசுக்கு மிருகங்கள். கொட்டகைக்கு வெளியே எருமை, மாடு, யானை, ஆமை, ஆந்தை என்று வரிசையாக வைத்திருந்தேன். வரிசையின் கடைசியில் ஒரு கரடி. சித்தேரி மலைப் பாதையில் ஒரு முறை, புற்றைக் குனிந்து தோண்டிக்கொண்டிருந்த கரடியைப் பார்த்திருக்கிறேன். முதுகு மட்டும்தான் தெரிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து வந்துவிட்டேன். அந்த முதுகைத்தான் செய்து வைத்திருந்தேன். என் கற்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

எடைப்பாலம்

என் மாமனாருக்குப் பாலக்கோட்டில் தக்காளி மண்டி. பழத்தைக் கையில் எடுக்காமலே, கூடையைப் பார்த்த மாத்திரத்தில் அடியில் அழுகல் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளை சிற்பி என்றதும், ஊர் ஊராகக் கோபுரம் கட்டப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டார். கல்யாணமான மறு வருஷம் ஆவணியில் எங்களைப் பார்க்க வந்தவர், வெளியே இருந்த கற்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். கரடி முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். எனக்குள் லேசாக ஒரு நம்பிக்கை துளிர்த்தது. "அண்டாவக் கவுத்து வெச்ச மாதிரி செஞ்சிருக்கீங்க மாப்ள, கல்லுல எதுக்குங்க அண்டா?" என்றார். "கரடிங்க மாமா" என்றேன். அவர் நேராக வீட்டுக்குள் போய்விட்டார்.

என் மனைவி சரோஜா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். பாலக்கோட்டில் சர்க்கரை ஆலை வந்த புதிது. கரும்பு வண்டிகளை நிறுத்தி எடை போடுகிற எடைப்பாலத்தில் குமாஸ்தா வேலை ஒன்று இருக்கிறதாம், தெரிந்தவரிடம் எனக்காகச் சொல்லி வைத்திருக்கிறாராம். அவர் வீட்டு மாடியிலேயே நாங்கள் இருந்துகொள்ளலாமாம். உளியைக் கீழே வைத்துவிட்டுக் காலமெல்லாம் கரும்பு வண்டியின் எடையைப் பார்த்துக்கொண்டு உட்காருவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. சரோஜாவுக்கு என்னைவிடப் பெரிய கவலை. அந்த வீட்டில் அவளுக்கு மூன்று அண்ணிகள், ஒரே அடுப்படி. பிறந்த வீட்டுக்குத் தீபாவளிக்குப் போவது வேறு, சட்டி பானையோடு போவது வேறு.

அவள்தான் அப்பாவிடம் மல்லுக்கு நின்று ஒரு கெடு வாங்கினாள். தை பிறப்பதற்குள், வெளியாள் யாராவது ஒருவர், யாரும் சொல்லிக் கொடுக்காமல், என் கற்களில் ஏதாவது ஒன்றைப் பார்த்து இது இன்ன மிருகம் என்று சரியாகச் சொல்லிவிட வேண்டும். வீட்டு ஆள் சொன்னால் செல்லாது, ஆர்டர் கொடுத்தவர் சொன்னாலும் செல்லாது. ஒருவர் சொல்லிவிட்டால் எடைப்பாலத்துப் பேச்சையே அவர் எடுக்கமாட்டார். இல்லையென்றால் தை மாதம் வண்டியோடு வந்துவிடுவார். நியாயமான மனிதர்தான். பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"தப்பா நெனச்சுக்காதீங்க மாப்ள. தக்காளின்னு தெரியாத தக்காளிய எவனாச்சும் கூடையில போடுவானுங்களா?"

எருமை

தண்ணீரில் படுத்திருக்கும் எருமையைப் பார்த்திருப்பீர்கள். முதுகுதான் தெரியும்; மீதியெல்லாம் தண்ணீர். நானும் முதுகை மட்டும் செய்து, தண்ணீரைப் பார்க்கிறவர் கற்பனைக்கு விட்டிருந்தேன். வழவழவென்று, நீளமாக, லேசான சரிவோடு நன்றாக வந்திருந்தது. கெடு ஆரம்பித்த வாரத்திலேயே எதிர்ச்சாரியில் புதிதாகக் குடிவந்த ஒரு அம்மா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கையால் தடவினார். தட்டிப் பார்த்தார். இந்த அளவுக்கு ரசித்த ஆள் அதுவரை வந்ததில்லை. நான் உளியை வைத்துவிட்டு, அவர் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வருவதற்காகக் காத்திருந்தேன்.

அவர் தன் வீட்டுக்குப் போய் ஒரு ஈரச் சேலையை எடுத்து வந்தார். முறுக்கி ஓங்கி எருமை முதுகில் ஒரு அறை அறைந்தார். இன்னொரு அறை. தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. அதுவரை என் எருமைக்கு இல்லாதிருந்த தண்ணீரும் அன்றைக்குக் கிடைத்துவிட்டது. சேலையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கல்லு அம்சமா இருக்குதுங்க, எங்க வூட்டுக்கு ஒண்ணு வேணும். மேல மட்டும் கொஞ்சம் கொத்தி வுட்டுட்டீங்கன்னா சோப்பு வழுக்காதுங்க."

மாட்டு டாக்டர்

இனிமேல் துணி துவைக்கிறவர்களை நம்பிப் பயனில்லை, மிருகத்தோடு புழங்குகிறவர்களை வரவழைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். எங்கள் ஊர் மாட்டு டாக்டர் அந்த ரோட்டில்தான் சைக்கிளில் போவார். அம்மி கொத்தித் தருகிறேன் என்று ஒரு சாக்குச் சொல்லி அவரை நிறுத்தினேன். எதேச்சையாக நடப்பது போல அவரை மாடு இருந்த பக்கம் ஒதுக்கினேன். அது படுத்துக்கொண்டு அசை போடுகிற மாடு. நாலு காலும் உடம்புக்குள் மடங்கியிருக்கும். வயிறு ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். அந்த வயிற்றின் சரிவுக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

டாக்டர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டார். அதுவே எனக்குப் பாதி வெற்றி. குனிந்தார், விலாப் பக்கம் விரலால் தட்டிப் பார்த்தார், முகம் சீரியஸாகிவிட்டது. "இந்த ஆட்டுக்கு வயிறு உப்பியிருக்குதுங்களே, பச்சப் புல்ல ஜாஸ்தியா மேஞ்சிருக்கும், இடது பக்கந்தானே வீக்கம்?" என்றார். நோயைக் கல்லில் கண்டுபிடிக்கிறவரால் மிருகத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. பொறுக்க முடியாமல் நானே சொல்லிவிட்டேன்: "டாக்டர், அது ஆடு இல்லீங்க, மாடு." அவர் மறுபடி ஒரு முறை தட்டிப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"மாடுங்களா? அப்பக் கவலப்படாதீங்க. உப்பல் இல்ல, செனை."

பாய் வீட்டு ஆந்தை

பக்கத்துப் பட்டறை கரீம் பாயுடையது. கருங்கல்லில் வேலை செய்கிற உளி சாயங்காலத்துக்குள் மழுங்கிவிடும். அதை உலையில் காய்ச்சி, தட்டி, தண்ணீரில் நனைத்துக் கூர் ஏற்றித் தருவது அவர்தான். அவர் காய்ச்சுகிற உளி இல்லாமல் நான் ஒரு காதைக்கூட வைக்காமல் விட்டிருக்க முடியாது. இத்தனை மிருகத்துக்கும் கூர் ஏற்றித் தந்த மனிதர் ஒரு நாளும் இது என்ன என்று கேட்டதில்லை. அந்த நன்றிக்கு, ரம்ஜானுக்கு மறுநாள் அவருக்கு என் ஆந்தையைக் கொடுத்தேன். முட்டை மாதிரி ஒரு கல், மேலே சின்னதாக ஒரு திரும்பல். அவ்வளவுதான் ஆந்தை.

வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். நடுக்கூடத்தில் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதை முட்டுக் கொடுத்திருந்தார்கள். எனக்குப் பிறகுதான் உறைத்தது: வீட்டில் உருவம் வைக்கமாட்டார்களே, மனிதரைச் சங்கடத்தில் மாட்டிவிட்டேனோ? போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் துருத்தியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுச் சிரித்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது தம்பி. எங்க மச்சான் ரொம்ப ஆசாரம், நேத்து வந்து அரை மணி நேரம் அதையே உத்துப் பாத்தாரு. 'ஒரு உருவமும் இல்ல, தாராளமா வெச்சுக்க'ன்னுட்டாரு."

முனியப்பன் குதிரை

ஐப்பசியில் மொரப்பூர் பக்கத்திலிருந்து சிலர் வந்தார்கள். அவர்கள் ஊர் முனியப்பனுக்குக் கல் குதிரை வேண்டுதல். வழக்கமாகச் செய்கிற ஸ்தபதிக்கு வேறு கோயில் வேலை. பூஜைக்கு நாள் நெருங்கிவிட்டதால், வேறு வழியில்லாமல் என்னிடம் வந்திருந்தார்கள். எனக்கு அது போதும். கழுத்தும் முதுகும் ஒரே வளைவாக ஓடுகிற குதிரை ஒன்று செய்தேன். ஆர்டர் கொடுத்தவர்கள் குதிரை என்று சொன்னால் கெடுவுக்குச் செல்லாதுதான். ஆனால் பூஜைக்கு நாலு ஊர் ஜனம் வரும், அதில் ஒருவர் சொன்னால் போதுமே. போர்வை போட்டு மூடி, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

எந்தச் சிலையானாலும் கடைசியாகத்தான் கண் திறப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். செய்தவனே உளியால் கண்ணைத் திறந்துவிட வேண்டும். அதுவரை அது வெறும் கல், அதற்கப்புறம்தான் உயிர். எனக்கும் தெரியும். ஆனால் கண்ணே வைக்காத என் குதிரைக்கும் அது பொருந்தும் என்று ஏனோ எனக்குத் தோன்றவே இல்லை. பம்பை முழங்க, பூசாரி மஞ்சள் துணி சுற்றிய உளியை என் கையில் கொடுத்து, "கண்ணத் தொறங்க சாமி" என்றார். "இதுக்குக் கண் கிடையாதுங்க" என்றேன். பம்பை நின்றது. ஓடுகிற குதிரையைப் பார்த்தால் கண்ணா தெரியும், கழுத்து வளைவுதானே தெரியும் என்று நான் ஒரு சின்னச் சொற்பொழிவே செய்தேன். ஊர்க் கவுண்டர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிங்க, கண்ணு தெரியாத குதிரையில ஏறிக்கிட்டு அவரு ராத்திரில எப்பிடிங்க எல்ல சுத்துவாரு? கெணத்துல எறங்கிடுச்சுன்னா?" என்றார்.

ஆபத்துக்குப் பூசாரிதான் வந்தார். கண் நோய் தீர்ந்தவர்கள் காணிக்கையாகப் போடுகிற வெள்ளிக் கண்மலர் கோயிலில் நிறைய இருந்தது. அதில் ஒரு ஜோடியை எடுத்து, பின்பக்கம் தேன்மெழுகு தடவி, கண்ணாடியைக் காட்டி, குதிரைக்கு ஒட்டினார். பம்பை மறுபடி முழங்கியது, பெண்கள் குலவை போட்டார்கள், ஊரே விழுந்து கும்பிட்டது. நான் மட்டும் கும்பிடவில்லை. ஒட்டியது பின்பக்கம். வால் இருந்திருந்தால் அந்த இடத்தில் இருந்திருக்கும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பூசாரியின் காதில் மெல்லச் சொன்னேன். அவர் குதிரையின் அந்தப் பக்கத்தையும் பார்த்தார், இந்தப் பக்கத்தையும் பார்த்தார். மெழுகு இறுகிவிட்டதா என்று தொட்டுப் பார்த்தார். பிறகு என் காதில் சொன்னார்:

"இருக்கட்டுமுங்க. முனியப்பன் எந்தப் பக்கம் பாத்து ஏறி ஒக்காருறாரோ, அதுதானுங்க முன்பக்கம்."

தீர்த்தமலை பஸ்

கார்த்திகையில் ஒரு நாள், தீர்த்தமலைக்குப் போகிற பஸ் எங்கள் கொட்டகைக்கு நேர் எதிரே பஞ்சர் ஆனது. ஆண்டவனாகப் பார்த்து ஒரு பஸ் நிறைய வெளியாட்களை இறக்கிவிட்டானே என்று பூரித்துப்போனேன். எல்லோரும் என் கற்களைச் சுற்றி நின்றுகொண்டார்கள். யாருக்கும் நான் எதுவும் சொல்லவில்லை. வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

யானையைப் பார்த்து ஒருவர் பன்றி என்றார், இன்னொருவர் பெருச்சாளி என்றார். பிள்ளையார் கோயிலில் அவர் பார்த்த பெருச்சாளியும் இதே மாதிரிதான் இருந்ததாம். கரடியைப் பார்த்த ஒரு பெண்மணி, மேலே கொஞ்சம் மஞ்சள் பூசினால் நல்ல புற்று என்றார். பன்றிக்காரரும் பெருச்சாளிக்காரரும் கை கலக்கிற நிலைமைக்கு வந்துவிட்டார்கள். ஆளுக்கு நாலு பேர் கட்சி சேர்ந்தார்கள். அதற்குள் டயர் மாட்டியாகிவிட்டது. கண்டக்டர் விசிலை ஊதி ஊதிப் பார்த்துவிட்டு, கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றார்.

"மிருகம் எதா வேணா இருக்கட்டுமுங்க, ஏறுங்க. டிக்கெட்டு மலைக்குத்தான் வாங்கியிருக்கறீங்க, ஜூவுக்கு இல்ல."

பால்காரர் படித்த பாடம்

மார்கழி வந்தது. கெடு முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை வருவதாக மாமனார் தக்காளி லாரிக்காரர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். சரோஜா எதையோ யோசித்துக்கொண்டே வளைய வந்தாள். என்ன யோசித்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. எங்கள் பால்காரர் கோவிந்தனைப் பிடித்து, வெள்ளிக்கிழமை அப்பா இருக்கும்போது பால் கொண்டுவர வேண்டும், வாசலுக்கு நேராக இருக்கிற கல்லைப் பார்த்து "ஆமை" என்று சொல்ல வேண்டும் என்று பாடம் சொல்லிக் கொடுத்திருந்தாள். கோவிந்தனும் ரெண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில், மாமனார் வருகிறாரே, ஆமையைக் கொஞ்சம் பளபளப்பாக்கி வைப்போம் என்று நான் அதைக் கொட்டகைக்கு உள்ளே தூக்கிக்கொண்டு போனேன். வாசலில் இடம் வெறிச்சென்று இருக்கிறதே என்று யானையை நகர்த்தி அங்கே வைத்தேன். மாமனார் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கோவிந்தன் பால் சொம்போடு வந்தார். யானைக்கு முன்னால் நின்று, நாடகத்தில் ராஜா நிற்பது போல இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, "அடடா, என்னா அருமையான ஆமைங்க! ஓடு எவ்ளோ தத்ரூபமா இருக்குது!" என்றார். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த சரோஜா அப்படியே கதவுக்குப் பின்னால் மறைந்துவிட்டாள். "ஆமை தயாருங்க மாமா" என்று நான் அதைத் தூக்கிக்கொண்டு கொட்டகையை விட்டு வெளியே வந்த நேரம் அதுதான். மாமனார் என் கையில் இருந்த ஆமையைப் பார்த்தார், வாசலில் இருந்த யானையைப் பார்த்தார், கோவிந்தனைப் பார்த்தார். தக்காளிக் கூடையின் அடியைப் பார்க்கிற அதே பார்வை. பிறகு கதவைப் பார்த்துச் சொன்னார்:

"ஏம்மா சரோஜா, ஆமைன்னு சொல்லிக் குடுத்தியே, எந்தக் கல்லுன்னு தொட்டுக் காட்டியிருக்கக் கூடாதா?"

தை பிறந்தது

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். எங்களுக்குப் பாலக்கோட்டுக்கு வழி பிறந்தது. பொங்கல் கழிந்து ஒரு விடியற்காலையில் மாமனார் டிராக்டரும் டிரெய்லருமாக வந்து இறங்கிவிட்டார். சட்டி பானை, கட்டில், பாய் தலையணை எல்லாம் ஏறியது. சரோஜா யாரிடமும் பேசவில்லை. நான் உளிகளைச் சாக்கில் கட்டிக் கரீம் பாயிடமே கொடுத்துவிட்டேன். "வெச்சிருக்கேன் தம்பி" என்று மட்டும் சொன்னார். எல்லாவற்றையும் விட்டுவிட்டேன், கரடியை மட்டும் விட மனசு வரவில்லை. "அந்த அண்டாவையும் ஏத்தணுமா மாப்ள?" என்று மாமனார் சலித்துக்கொண்டாலும், பலகை சாய்த்து, கடப்பாரை போட்டு நெம்பி ஏற்றும்போது அவரும் ஒரு கை கொடுத்தார். கோணிகளால் போர்த்திக் கட்டினோம்.

நானும் சரோஜாவும் முன்னால் சாமான்களோடு உட்கார்ந்தோம். மாமனார் பின்னால் போய்க் கரடி மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு காலை நீட்டிவிட்டார். சரியான பனி. குளிர் தாங்காமல் வழியில் அவர் கரடி மேலிருந்த கோணிகளை ஒவ்வொன்றாக உருவித் தன் மேல் போர்த்திக்கொண்டு தூங்கிப்போனார். நாங்கள் கவனிக்கவில்லை. தர்மபுரிக்குக் கொஞ்சம் முன்னால், வத்தல்மலையிலிருந்து இறங்கிச் சந்தைக்குப் போகிறவர்கள் ரோட்டில் வந்து சேருகிற இடத்தில் டிராக்டர் சூடாகிவிட்டது. டிரைவர் தண்ணீர் கொண்டுவரப் போனார். நாங்களும் இறங்கிக் காலாற நின்றோம். டிரெய்லரில் மாமனார் மட்டும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பனிக்குள்ளிருந்து மலைக்காரர் ஒருவர் தலையில் சாமை மூட்டையோடு வந்தார். டிரெய்லரைப் பார்த்ததும் அப்படியே நின்றார். மூட்டையைச் சத்தமில்லாமல் கீழே இறக்கினார். குனிந்து ஒரு கல்லை எடுத்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினார்: "பெரியவரே, அசையாதீங்க! பின்னால கரடி! உங்க மேல குனிஞ்சுக்கிட்டிருக்குது!" மாமனார் கண்ணைத் திறந்தார். தலையை மட்டும் மெல்லத் திருப்பினார். பனியில் அவர் தோளுக்கு மேலே அந்தக் கறுப்பு முதுகு. அசையாதே என்று சொன்னதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. அந்த வயதில், அந்த உடம்போடு, டிரெய்லரிலிருந்து கோணியும் தானுமாகக் குதித்து, கேழ்வரகுக் கொல்லையில் விழுந்து எழுந்து, வரப்பு வரப்பாகத் தாண்டி ஓடினார். மலைக்காரர் கல்லை வீசினார். அது என் கரடியில் பட்டு 'டங்' என்றது.

மலைக்காரர் கிட்டே வந்து தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கல்லுங்களா! புத்து நோண்டற கரடி மாதிரியே குனிஞ்சிருந்துதா, உசுரே போயிடுச்சுங்க. அது நோண்டறப்போ பக்கத்துல போனா ரொம்பக் கோவம் வரும்" என்றார். புற்று என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை, சரோஜாவிடம்கூட. ரோட்டில் நின்று ஒரு அந்நியரின் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அடிபட்டது உங்களுக்கா என்று கேட்டார்.

மாமனார் கொல்லையை விட்டு வெளியே வர வெகுநேரமானது. ஒரு செருப்பைக் காணோம், கோணி மட்டும் தோளில் இருந்தது. வரும்போதே வாதத்தோடுதான் வந்தார். தை பிறந்தாகிவிட்டது, கெடு முடிந்துவிட்டது. தவிர அந்த ஆள் நிஜக் கரடி என்று நினைத்துத்தான் கத்தினாரே தவிர, கல்லைப் பார்த்துச் சொல்லவில்லை, அதனால் செல்லாது என்றார். காலையிலிருந்து பேசாமல் இருந்த சரோஜா அவர் முன்னால் போய் நின்று, வேட்டியில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டாள். நிதானமாகக் கேட்டாள்: "ஏம்ப்பா, அண்டாவுக்குப் பயந்தா இப்பிடி ஓடினீங்க?"

அவர் மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டிரெய்லரை மட்டும் பார்க்கவில்லை. தண்ணீர்க் குடத்தோடு திரும்பி வந்துகொண்டிருந்த டிரைவரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

"ஏம்ப்பா, தண்ணிய ஊத்திட்டு வண்டிய அரூருக்கே திருப்பு. நான் உன் பக்கத்துல முன்னாடியே ஒக்காந்துக்கறேன்."

மிருகம் செய்கிறவனுக்குக் கிடைக்கிற உச்சபட்ச மரியாதை இவ்வளவுதான், தோழர்களே: அந்தக் கரடிக்கு நான் இன்றுவரை காது வைக்கவில்லை, என் மாமனாரும் கடைசிவரை அதற்கு முதுகைக் காட்டி உட்காரவில்லை.